உழைப்பவரின் ஞாயிற்றுக்கிழமை

எம்மிடம் தமிழ் படித்த மாணவர் ஒருவர் கொழும்பிலே தனியார் கந்தோர் ஒன்றின் கணக்குப் பகுதியில் உத்தியோகம் ஏற்று ஓராண்டு ஆகின்றது. விடுமுறைக்கு ஊர் வந்தவர் எம்மையும் காண வந்தார். பேச்சுப் பலவாறு சென்றது. ஈற்றில் அவர் தயங்கித் தயங்கி ஒரு வினாவை வெளியிட்டார்.

"சேர், எனக்கு மரதன் ஓடிப் பழகவேண்டுமென்று ஆசை. பள்ளிக்கூடத்திலே நான் ஓடியதில்லை. இப்போதுதான் அந்த ஆசை வந்தது. ஆனால், காலை ஏழு மணிக்கு அறையைப் பூட்டினால் இரவு எட்டு மணிக்குத்தான் திறக்கிறேன். சனிக்கிழமையும் அரைநாள் போய்விடுகிறது. வேலையிலும் காலூன்ற வேண்டும், இதையும் பழகவேண்டும். இரண்டையும் எப்படிச் சேர்த்து நடத்துவது? எனக்கு மனவுறுதி போதாது என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள்."

இத்தகைய வினாவுக்கு ஆயத்தமான விடை ஒன்று புத்தகக் கடைகளிலே மலிந்து கிடக்கின்றது. விடியற்காலை நான்கு மணிக்கு எழும்பு, உறக்கத்தைக் குறை, நாளை வகுத்துக்கொள், எல்லோருக்கும் உள்ளது இருபத்து நான்கு மணித்தியாலமே, அதனைப் பயன்படுத்தத் தெரியாதவன் தன்னைத்தானே நொந்துகொள்ள வேண்டும். இதுவே அவ்விடையின் சாரம். எம் மாணவரின் கூட்டாளிகள் கூறியதும் இதுவே. ஆயின், இருபத்து நான்கு மணித்தியாலம் எல்லோருக்கும் பொது என்பது சூரியனைப் பொறுத்தவரை உண்மையாகலாம். அம்மணித்தியாலங்களுள் எத்தனை மற்றொருவருக்கு விற்கப்பட்டவை, எத்தனை தனக்கென எஞ்சியவை என்பது ஆளுக்கு ஆள், வர்க்கத்துக்கு வர்க்கம் வேறுபடும்.

அவ்வினாவுக்கு ஒரு வரலாறு உண்டு. நாளுழைப்பை முடித்த இளந் தொழிலாளி ஒருவன் நெடுந்தூரம் நடக்கவும், ஓடவும், சைக்கிளோட்டவும், மலையேறவும் கற்க முனைந்தபோதெல்லாம் மூன்று தடைகள் அவனை எதிர்கொண்டன. முதலாவது நேரம், இரண்டாவது விளையாட்டுக் கழகத்தின் வாயில், மூன்றாவது நிலம். இம்மூன்றும் எவ்வாறு திறக்கப்பட்டன என்பதை, இயந்திரக் கைத்தொழில் முதன்முதலில் வேரூன்றிய இங்கிலாந்தை முதன்மையாக வைத்து இங்கு நோக்குவோம்.

முதலில் நேரம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லங்காஷயர்ப் பருத்தி ஆலைகளிலே பெரியோரும் சிறுவரும் நாளொன்றுக்கு 12 மணித்தியாலமும் அதற்கு மேலும் உழைத்தனர். வாரத்தில் ஆறு நாள் ஆலைக்குரியவை. எட்டு மணித்தியால உழைப்பு, எட்டு மணித்தியால உறக்கம், எட்டு மணித்தியாலம் தனக்கெனப் பொழுது என்ற பகுப்பை ரொபேட் ஓவன் முன்வைத்தபோது பலர் அதனை வெறுங் கனவென்றே எண்ணினர். தொழிலாளரின் நெடிய கிளர்ச்சியின் பின்னரே 1847ஆம் ஆண்டின் பத்து மணித்தியாலச் சட்டம் வந்தது. அதுவும் ஆலைகளில் உழைத்த பெண்களையும் இளையோரையும் மட்டுமே நேரடியாகக் காத்தது. 1850ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களின் சனிக்கிழமை வேலை பிற்பகல் இரண்டு மணியுடன் முடியவேண்டுமென விதித்தது. பெண்களும் இளையோரும் வெளியேறியபின் பொறிகளை ஓட்டுவது இலாபமன்றாகையால், ஆண் தொழிலாளரும் அந்த அரைநாளைப் பெற்றனர். சனிக்கிழமைப் பிற்பகல் காற்பந்தாட்டம் இங்கிலாந்தின் தொழிலாளர் ஆட்டமாக வளர்ந்தமைக்கு இவ்வரைநாளே வழிவகுத்தது.

1856ஆம் ஆண்டு ஏப்பிரலில் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரக் கல்தச்சர்கள் வேலையை நிறுத்தி ஊர்வலஞ் சென்று எட்டு மணித்தியால நாளை வென்றனர். 1886ஆம் ஆண்டு மே முதலாந் திகதி அமெரிக்கத் தொழிலாளர் அதே கோரிக்கையுடன் வேலைநிறுத்தஞ் செய்தனர். அதனைத் தொடர்ந்து சிக்காகோவிலே சிந்திய இரத்தத்தை ஆண்டுதோறும் மே தினத்தில் நினைவுகூர்கின்றோம். 1919இல் சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் முதலாவது உடன்படிக்கை, கைத்தொழில்களில் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 48 மணித்தியாலம் என்ற எல்லையை வகுத்தது. அதே நிறுவனம் 1924இல் தொழிலாளரின் ஓய்வு நேரப் பயன்பாடு பற்றித் தனியானதொரு பரிந்துரையை நிறைவேற்றியதும் குறிப்பிடத்தக்கது. ஓய்வு நேரத்தைப் பெறுவது ஒன்று. அதிலே உடலையும் அறிவையும் வளர்க்கும் வசதியைப் பெறுவது மற்றொன்று என்ற உணர்வு அப்போது உருவாகியிருந்தது.

இங்கு ஒன்றைக் கருதவேண்டும். காற்பந்தாட்டத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் போதும். நெடுந்தூர ஓட்டமும் மலையேற்றமும் அவ்வாறல்ல. அவற்றை ஒரு நாளில் எவரும் கற்றுவிட முடியாது. நெஞ்சும் காலும் பல மாதங்களாகச் சிறிது சிறிதாகப் பழகவேண்டும். களைத்த உடல் தேறுவதற்கு உறக்கமும் வேண்டும். ஆதலின் அவற்றைக் கற்க விரும்பும் தொழிலாளிக்கு எப்போதாவது கிடைக்கும் விடுமுறை பயன்படாது. ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் ஓய்வே வேண்டும். உறக்கத்தைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டு என்பவர் உடலின் இயல்பை அறியாதவர்.

இரண்டாவது தடை கழக வாயில். 1866இல் இலண்டனிலே தொடங்கப்பட்ட அமெச்சூர் மெய்வல்லுநர் கழகம், கையால் உழைத்துக் கூலி பெறுவோரைத் தன் போட்டிகளிலிருந்து விலக்கியது. தேம்ஸ் நதியில் நடைபெறும் ஹென்லி படகோட்டப் போட்டியும் 1879இல் அவ்வாறே பொறிவினைஞர், கைவினைஞர், கூலியாட்கள் ஆகியோரை விதி எழுதியே விலக்கியது. பணத்துக்காக விளையாடுவோரை மட்டும் தடுப்பது நோக்கமாயின், பணத்தைப் பற்றி விதித்திருந்தாற் போதும். உடலுழைப்பினால் இவர்கள் இயல்பாகவே கூடுதல் வலிமை பெற்றுவிடுகின்றனர், ஆதலின் கனவான்களுடன் போட்டியிடுவது நியாயமன்று என்று காரணங் கூறப்பட்டது! செல்வரின் தோட்டத்தைக் கொத்துவதற்கு வேண்டப்பட்ட வலிமை, அதே செல்வரோடு துடுப்பு வலிக்க வந்தபோது குற்றமாகிவிட்டது.

1920இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரைச் சேர்ந்த ஜோன் கெலி ஹென்லிப் போட்டிக்கு விண்ணப்பித்தார். செங்கல் அடுக்கும் வேலை செய்து வளர்ந்தவர் அவர். அவரது கழகத்தின்மேல் இருந்த பழைய தடையையும், அவர் கையால் உழைத்தவர் என்பதையும் காரணமாகக் கொண்டு விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அதே ஆண்டில் அன்வேர்ஸ் நகர ஒலிம்பிக்கிலே, தனியாள் படகோட்டத்தில் பிரித்தானிய வீரரான ஜாக் பெரஸ்போர்ட்டை முந்திக் கெலி தங்கப் பதக்கம் பெற்றார். ஆயினும் விதி அசையவில்லை. 1936இல் அவுஸ்திரேலியப் பொலிஸ்காரர் அணியொன்றும் இவ்விதியால் விலக்கப்பட்டது. அதனால் எழுந்த கண்டனத்தின் பின்னரே, 1937இல் விதி நீக்கப்பட்டது. 58 ஆண்டுகள் அது நின்றது.

மூடிய வாயிலின் முன்னே தொழிலாளர் காத்துக் கிடக்கவில்லை. தமக்கென வேறு வாயில்களை அமைத்தனர். 1885இல் இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒத்த அளவினதான ரோவர் சைக்கிளும், 1888இல் டன்லொப்பின் காற்றடைத்த டயரும் வந்தன. அடுத்த சில ஆண்டுகளில் சைக்கிளின் விலை குறைந்தது. பழைய வண்டிகள் கைமாறத் தொடங்கின. 1894இல் பேர்மிங்ஹம் நகரிலே 'கிளாரியன்' என்னும் சோசலிச வார இதழின் வாசகர்களான இளைஞர் சிலர் சைக்கிள் கழகம் ஒன்றைத் தொடங்கினர். ஞாயிறுதோறும் நகரின் புகையை விட்டு நீங்கிப் பல மைல் தூரம் சென்றனர்; சென்ற கிராமங்களிலே இதழ்களையும் துண்டுப் பிரசுரங்களையும் பரப்பினர். அனுபவமுள்ளவர் புதியவருக்கு வண்டி ஓட்டவும் பழுது பார்க்கவும் கற்பித்தனர். சம்பளத்துக்கு ஓர் ஆசானை அமர்த்த இயலாத இளம் உழைப்பாளருக்குக் கழகமே ஆசானாயிற்று.

அடுத்த ஆண்டாகிய 1895இல் ஒஸ்திரியாவின் வியன்னா நகரில் 'இயற்கை நண்பர்' என்ற சங்கம் பிறந்தது. அதனைத் தோற்றுவித்தோருள் மூவர் குறிப்பிடத்தக்கவர்: கியோர்க் ஷ்மீடில் ஓர் ஆசிரியர், அலோய்ஸ் ரோராவர் ஓர் இரும்புத் தொழிலாளி, கார்ல் ரெனர் ஒரு சட்ட மாணவர். தொழிலாளர் பத்திரிகையில் விளம்பரஞ் செய்து ஆட்களைச் சேர்த்தனர். அல்ப்ஸ் மலைகளில் தொழிலாளர் தங்கக்கூடிய குடில்களைத் தம் உறுப்பினரின் உழைப்பாலேயே கட்டினர். ஆசிரியரும் மாணவரும் தொழிலாளியும் கூடியவிடத்து என்ன நிகழும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று எமக்குத் தெரியாது. இத்தகைய கழகங்கள் பல்கியதன் விளைவே 1925இல் பிராங்போர்ட்டிலும், 1931இல் வியன்னாவிலும், 1937இல் அன்வேர்ஸிலும் நிகழ்ந்த தொழிலாளர் ஒலிம்பிக் விழாக்கள். ஜேர்மனியில் 1933இலும் ஒஸ்திரியாவில் 1934இலும் ஆட்சியைப் பற்றிய பாசிச சக்திகள் தொழிற்சங்கங்களோடு இம் மலைநடைச் சங்கங்களையும் தடைசெய்தன. தொழிலாளர் கூடி நடப்பதன் பொருளை அவை நன்கறிந்திருந்தன.

சைக்கிளைப் பற்றிக் கூறும்போது எமது நாட்டையும் நினையாதிருக்க முடியாது. பிரேசிலிலிருந்து கொண்டுவரப்பட்ட விதைகளில் முளைத்த றப்பர்க் கன்றுகள் 1876இல் இலங்கை வந்து ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் றப்பர்த் தோட்டங்கள் விரிந்தன. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரும், அயற் கிராமங்களின் சிங்களத் தொழிலாளரும் வைகறையிலேயே மரங்களிடம் சென்று பால் வெட்டினர். இங்கிலாந்துத் தொழிலாளியை ஞாயிறன்று நகரத்துக்கு வெளியே சுமந்து சென்ற டயர்களில் அவர்களின் உழைப்பும் கலந்திருந்தது. ஆனால் லயத்தில் வாழ்ந்த அவர்களுக்கு அத்தகைய ஞாயிறு இருக்கவில்லை. ஓரிடத்து உழைப்பாளரின் ஓய்வு மற்றோரிடத்து உழைப்பாளரின் ஓய்வின்மையோடு பிணைந்திருந்தது என்பதையும் இவ்வரலாற்றின் பகுதியாகவே கொள்ளவேண்டும்.

இனி மூன்றாவது தடையாகிய நிலம். மான்செஸ்டர் நகருக்குக் கிழக்கே 15 மைல் அளவில் கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலம் உள்ளது. 636 மீற்றர் உயரம். புல்லும் புதரும் கரியும் மண்ணும் பாறையுமான பெருவெளி. ஒரு புறம் மான்செஸ்டர், மறுபுறம் ஷெபீல்ட் என இரு பெருங் கைத்தொழில் நகரங்களுக்கு இடையில் அது கிடந்தது. ஆனால் நடப்பதற்கு அங்கே இடமில்லை. முன்னர்ப் பொதுவாயிருந்த இத்தகைய மேட்டுநிலங்கள் வேலியடைப்புச் சட்டங்களால் தனியுடைமையாகி, குரவுஸ் எனும் பறவையைச் செல்வர் சுட்டு விளையாடுவதற்கென ஒதுக்கப்பட்டிருந்தன. வேட்டை ஆண்டில் சில நாட்களுக்கு மட்டுமே; காவலரோ ஆண்டு முழுவதும் நின்றனர். மலைகளுக்குச் செல்லும் உரிமை கோரும் மசோதா 1884இலேயே ஜேம்ஸ் பிரைஸ் என்பவரால் பாராளுமன்றத்திற் கொண்டுவரப்பட்டது. அதுவும் அதன்பின் வந்தவையும் தோற்றன.

பென்னி ரொத்மன் 1911இல் மான்செஸ்டரில் ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு மோட்டார் வண்டி நிறுவனமொன்றில் ஏவலாளாகச் சேர்ந்தார். கழிபொருட்களைச் சேர்த்துத் தமக்கென ஒரு சைக்கிளைப் பூட்டினார். தமது பதினாறாவது பிறந்தநாளில், ஆறு பென்ஸ் விலையுள்ள ஒரு நிலப்படத்தைக் கையிலெடுத்துக்கொண்டு வேல்சிலுள்ள ஸ்னோடன் மலையைத் தனியே ஏறினார். மலைநடையை இவ்வாறு தாமே கற்ற இளைஞர், பின்னர் பிரித்தானியத் தொழிலாளர் விளையாட்டுச் சம்மேளனத்தின் லங்காஷயர்க் கிளையிலே செயலாளராகப் பணியாற்றினார். வேலையின்மை தலைவிரித்தாடிய காலம் அது. வேலையுள்ளோர்க்கு ஞாயிறு மட்டுமே இருந்தது. வேலையற்றோர்க்கு வாரம் முழுவதும் இருந்தும் கையில் காசில்லை. இரு சாராருக்கும் இலவசமாகக் கிடைக்கக்கூடிய ஒரே விளையாட்டு நடை. அதற்கும் தடை.

1932ஆம் ஆண்டு ஏப்பிரல் 24ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. கிண்டர் மலைமீது கூட்டாகச் செல்வதென ரொத்மனும் தோழரும் பகிரங்கமாக அறிவித்தனர். புகையிரத நிலையத்தில் பொலிசார் காத்திருக்கக்கூடுமென்று கருதி, அவர் தம் சைக்கிளிலேயே ஹேபீல்ட் ஊரை அடைந்தார். கைவிடப்பட்ட கல்லுடைக்கும் குழியொன்றில் ஏறத்தாழ 400 பேர் கூடினர். இருபது வயதேயான ரொத்மன் அவர்கள்முன் பேசினார். கூட்டம் பாட்டுடன் மலையேறியது. சரிவிலே காவலர் தடியுடன் மறித்தனர். சிறு கைகலப்பு நிகழ்ந்தது. காவலர் ஒருவர் காயமுற்றார். கூட்டத்தினர் மேலே சென்று, மறுபுறத்திலிருந்து ஏறிவந்த தோழரைச் சந்தித்துத் திரும்பினர். கீழே பொலிசார் காத்திருந்தனர். யூலையில் டார்பி நகரிலே வழக்கு நடந்தது. குற்றச்சாட்டை ஆய்ந்த பெருஞ் சூரர் குழுவிலே படைத் தளபதிகளும் நிலவுடைமையாளரும் நிறைந்திருந்தனர். இளைஞர் ஐவருக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. ரொத்மனுக்கு நான்கு மாதம்.

அக்காலத்து மலைநடைச் சங்கங்களின் தலைவர்கள் பலர் இச்செயலை ஆதரிக்கவில்லை. பொறுமையாக மனுச் செய்து கொண்டிருந்த தங்கள் முயற்சியை இவ்விளைஞர் கெடுத்துவிட்டதாகவே கருதினர். ஆனால், நடந்தமைக்காகச் சிறையா என்ற வினா நாடெங்கும் எழுந்தது. தண்டனை வழங்கப்பட்ட பின்னர் உரிமைக் கூட்டங்களுக்கு ஆயிரக்கணக்கில் மக்கள் திரண்டனர். 1949இல் தொழிற்கட்சி அரசாங்கம் தேசிய வனங்கள் பற்றிய சட்டத்தை நிறைவேற்றியது. 1951இல் பிரித்தானியாவின் முதலாவது தேசிய வனமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது, கிண்டர் மலை அடங்கிய அதே பிரதேசமாகும். திறந்த மேட்டுநிலங்களில் நடக்கும் உரிமை இங்கிலாந்திலும் வேல்சிலும் பரவலாகச் சட்டமானது 2000ஆம் ஆண்டிலே. அதனைக் கண்ட ரொத்மன் 2002 சனவரியில் மறைந்தார்.

நேரமும் வாயிலும் நிலமும் திறந்தபோது என்ன விளைந்தது? மான்செஸ்டரில் 1930இல் பிறந்த ஜோ பிறவுண் பதினான்கு வயதிலே குழாய்த் தொழில் பயிலச் சென்றவர். தாயார் கழித்துவிட்ட, துணி உலர்த்தும் கொடிக்கயிற்றைக் கொண்டே பாறையேறத் தொடங்கினார். வார இறுதிகளில் அதே பிரதேசத்துக் கரடுமுரடான பாறைகளிலே கற்றார். 1955ஆம் ஆண்டு மே 25ஆந் திகதி, உலகின் மூன்றாவது உயர்ந்த மலையாகிய 8,586 மீற்றர் உயரமுள்ள கஞ்சன்சங்காவின் உச்சியை, கேம்பிரிட்ஜில் படித்த ஜோர்ஜ் பாண்டுடன் முதன்முதலாக அடைந்தவர் இந்தக் கட்டடத் தொழிலாளியே. அம்மலையைப் புனிதமாகப் போற்றும் சிக்கிம் மக்களுக்குக் கொடுத்த வாக்கின்படி, உச்சிக்குச் சில அடி கீழே இருவரும் நின்றுவிட்டனர்.

செக்கோசிலோவாக்கியாவின் எமில் சாட்டோபெக்கும் அத்தகையவரே. தச்சர் ஒருவரின் மகன். சிலின் நகரத்துப் பாட்டாச் சப்பாத்துத் தொழிற்சாலையில் இளந் தொழிலாளியாகச் சேர்ந்தார். 1941இல் அங்கே ஓர் ஓட்டப் போட்டிக்குப் போகும்படி பணிக்கப்பட்டபோது, தமக்கு இயலாதென்று தட்டிக்கழிக்கவே முயன்றார். ஓடியபோது இரண்டாவதாக வந்தார். அதன் பின்னரே அவருக்கு ஓட்டத்தில் நாட்டம் பிறந்தது. குறுகிய தூரத்தை விரைந்து ஓடுதல், சிறிது மெல்ல ஓடி மூச்சைத் திருப்புதல், மீண்டும் விரைதல் என்ற முறையைப் பன்முறை அடுக்கிப் பயின்றார். படையிற் சேர்ந்தபின் கனத்த சப்பாத்துடனும் ஓடிப் பழகினார். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலே 5,000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் ஆகிய மூன்றிலும் தங்கம் பெற்றார். மரதன் தூரத்தை அவர் போட்டியில் ஓடியது அதுவே முதற்றடவை. 1968இல் தம் நாட்டின் சனநாயகச் சீர்திருத்தத்தை ஆதரித்தமைக்காகப் பதவி இழந்து மீண்டும் உடலுழைப்பு வேலைக்கே சென்றவர் என்பதையும், இடதுசாரிகளாகிய நாம் மறைக்காது சொல்லவேண்டும்.

பெண்களைப் பற்றித் தனியே கூறவேண்டியிருக்கிறது. 1928 ஒலிம்பிக்கிலே பெண்களுக்கான 800 மீற்றர் ஓட்டம் சேர்க்கப்பட்டது. ஓடி முடித்தோர் களைத்து விழுந்ததைக் காரணங் காட்டி அதனை நீக்கினர். 1960இலேயே அது திரும்பி வந்தது. பெண்களின் மரதன் 1984 வரை காத்திருந்தது. ஆலையிலே பன்னிரண்டு மணித்தியாலம் நிற்பதற்குத் தாங்கிய பெண்ணுடல் 800 மீற்றர் ஓடுவதற்குத் தாங்காதாம்! இன்றும் எம் நாட்டில் வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்கு அடுப்படியிலே இரண்டாவது வேலைநாள் தொடங்குகின்றது. அவ்வேலையை ஆண்கள் பகிர்ந்துகொள்ளாதவரை அவளுடைய ஓய்வு நேரத்தைப் பற்றி நாம் பேசுவது வெறும் பேச்சே.

விளையாட்டு மக்களைப் போராட்டத்திலிருந்து திசைதிருப்பும் என்று எம் நண்பர் சிலர் கூறுவதுண்டு. பார்ப்பதற்காக விற்கப்படும் விளையாட்டைக் குறித்து அது பெரும்பாலும் உண்மை. ஆனால் ரொத்மனுக்கு மலைநடையே அரசியற் பள்ளியாயிற்று. வேலியை எதிர்கொண்டபோது அவர் நிலவுடைமை பற்றிக் கற்றார். ஞாயிறு மட்டுமே தமக்கிருந்ததை உணர்ந்தபோது உழைப்பு நேரம் பற்றிக் கற்றார். நூல்கள் அவற்றை உறுதிப்படுத்தின.

எமது நாட்டில் 1954ஆம் ஆண்டை இவ்வகையிலே நினைவுகூரலாம். அவ்வாண்டு மார்ச்சில், தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்குப் பாக்கு நீரிணையை ஏறத்தாழ 27 மணித்தியாலத்தில் நீந்திக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறையின் வழக்கறிஞர் ஆழிக்குமரன் ஆனந்தன் அதனை ஒரே முயற்சியில் இருவழியும் 51 மணித்தியாலத்தில் நீந்தினார். 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிர் நீத்தார். இவ்விருவருக்கும் கடலே பயிற்சிக் களம். பின்னர், போர்க் காலத்தில் அதே கரையோர மக்கள் மீன்பிடிக்கச் செல்வதற்கே தடைகள் இருந்தன. வேலி நிலத்தில் மட்டும் போடப்படுவதன்று.

அதே 1954இலேதான் கடை, கந்தோர் ஊழியர் பற்றிய 19ஆம் இலக்கச் சட்டமும் எமது நாட்டில் நிறைவேறியது. நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம், வாரந்தோறும் ஒன்றரை நாள் விடுமுறை என்பன அதன் அடிப்படை விதிகள். நீந்தியவரின் பெயரை எம் ஊரிலே பலர் அறிவர். இச்சட்டத்தை அறிந்தோர் மிகச் சிலர்.

எம் மாணவரிடம் திரும்புவோம். அவர் கொழும்புக்குப் புறப்படுமுன் மீண்டும் அழைத்து, ஒரு தாளிலே அவரது வாரத்தை எழுதச் சொன்னோம். கந்தோர் எட்டரை மணிக்குத் தொடங்குகிறது. இடையிலே உணவுக்கு ஒரு மணித்தியாலம். ஐந்தரைக்கு முடியவேண்டும். ஆனால் மேலதிகாரி எழும்பும்வரை எவரும் எழும்புவதில்லை, ஏழு மணியாகிவிடும். அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டோம். இல்லை என்றார். ஐந்து நாட்களுக்கும் கூட்டிப் பார்த்தார், ஏழரை மணித்தியாலம். சிறிது நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. மரதனுக்கு முதன்முதலாகப் பழகத் தொடங்குபவருக்கு வாரத்தில் வேண்டியது இதனிலும் குறைவு.

"தம்பி, உமக்கு மனவுறுதி குறைவென்று இனி எண்ண வேண்டாம். உம்முடைய நேரம் எங்கே போகிறதென்று இப்போது தெரிந்துவிட்டது. அதனைத் தனியே நின்று கேட்டால் வேலை போகும். உம்மைப் போன்றோர் அங்கே எத்தனை பேரென்று முதலில் பாரும். ஓட்டத்தையும் தனியே பழக வேண்டாம், கூட்டாகப் பழகும். மெல்லத் தொடங்கும். உறக்கத்தை வெட்ட வேண்டாம்" என்று கூறி அனுப்பினோம்.

ஆசிரியராகிய எமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. ஊர்கள் பலவற்றிலே பரந்த மைதானம் உள்ள ஒரே இடம் பாடசாலை. பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர் அதன் படலை பூட்டிக் கிடக்கின்றது. உள்ளூர்க் கடைகளிலும் கந்தோர்களிலும் தையற் சாலைகளிலும் உழைக்கும் இளைஞரும் யுவதிகளும் மாலையில் அதனைப் பயன்படுத்துவதற்கு அதிபரிடமும் பெற்றாரிடமும் பேசி ஒழுங்கு செய்தல் எம்மால் இயலாத செயலன்று. எமது பாடசாலையில் இவ்வேண்டுகோளை எழுத்திற் கொடுத்துள்ளோம்.

சென்ற வாரம் மாணவரிடமிருந்து கடிதம் வந்தது. கணக்குப் பகுதியில் நால்வர் சேர்ந்து ஐந்தரை மணிக்கு எழும்புவதென முடிவு செய்திருக்கின்றனராம். முதல் நாள் எழும்பியபோது மேலதிகாரி நிமிர்ந்து பார்த்தாராம், ஒன்றும் சொல்லவில்லையாம். இனி என்ன சொல்வாரோ தெரியாது என்றும் எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்நால்வரும் காலிமுகத் திடலிலே ஓடுகின்றனர். இரண்டு மைலுக்கு மேல் இன்னும் முடியவில்லையாம்.